எனக்குப் போட்ட இலை

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பழைய பத்திரிகைகள், ஒரு மீன் தொட்டி, ஈரக் கோட்டுகளின் வாடை. கதவு பாதி திறக்கும். ஒரு தலை மட்டும் உள்ளே நீண்டு, "ஃப்ராவ் கோவிந்தசாமி!" என்று கூப்பிடும். ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு நிமிர்ந்துகொள்ளும். ஃப்ராவ் என்பது ஜெர்மனியில் பெண்ணைக் கூப்பிடும் மரியாதை. கோவிந்தசாமி என் அப்பா. ஊரில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒதுங்கி நின்றவர் விமானம் ஏறியதும் முழுசாக விரிந்து என் குடும்பப் பெயராகிவிட்டார். சுமதி என்பது நானே வைத்துக்கொண்ட பெயர். யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத பெயராக வேண்டும் என்று தேடி எடுத்தது. இங்கே அதைக் கூப்பிட ஆளில்லை. என்னை மகளாக ஒரு நாளும் கூப்பிடாத மனிதரின் பெயரோடு பெண் மரியாதையைச் சேர்த்து, முன்பின் தெரியாத வெள்ளைக்காரி ஒருத்தி கூப்பிடுகிறாள். நான் எழுந்து போகிறேன். எனக்குள் ஆம்பூர்த் தோல் டேனரியின் சுண்ணாம்பு வாடையோடு அப்பாவும் எழுந்து வருகிறார்.

புலம்பெயர்ந்த உங்களில் பலருக்கும் அப்பாவின் பெயர் இப்படிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சிரித்துக் கடந்திருப்பீர்கள். நானும் சிரித்தவள்தான், குமாரின் அந்த ஃபோன் வரும்வரை.

குமார் என் தம்பி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் சுமதி ஆனதை வீட்டுக்குச் சொன்ன நாளிலிருந்து அவன் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். பேசுவதை நிறுத்தவில்லை, கூப்பிடுவதை மட்டும். வாய்க்கு வாய் அண்ணா என்றவன் அதை எங்கேயோ புதைத்துவிட்டு, அந்தக் குழியின் மேலேயே நின்று பேசினான். "ஹலோ, சாப்ட்டாச்சா, அங்க மழையா." அப்பாவும் அப்படித்தான். வீடியோவில் என்னைப் புடவையில் முதல்முறை பார்த்தபோது, "அங்க குளுரு ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு ஃபோனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் எங்களுக்குள் வானிலை மட்டும்தான்.

அன்று குமார் சொன்னான்: "அப்பாவுக்கு ரொம்ப முடியல. மூச்சு வாங்குது. வந்துட்டுப் போ."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"இன்னா சொல்வாரு, வயசாயிடுச்சின்றாரு." அதே மூச்சில் கேட்டான்: "முடி இன்னும் அப்டியேதான் வச்சினு கீறியா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அம்மா செத்தால் கடைசிப் பிள்ளை, அப்பா செத்தால் தலைச்சன் பிள்ளை. அவன்தான் மொட்டையடித்து, மீசை எடுத்து, கொள்ளிச்சட்டி தூக்கிச் சுடுகாட்டுக்கு முன்னே நடக்க வேண்டும். அம்மாவுக்குக் குமார் செய்தான். அப்பாவுக்கு நான். பெண்கள் தெருமுனை வரை அழுதுகொண்டே வந்து, அங்கே நின்று, திரும்பிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடக் கூடாது. ஜெர்மனியில் ஃப்ராவ் என்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். கதவைத் திறக்கும், மூடும். எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிடுவது என்பது அவர் தலையில் ஒரு வேலையை ஏற்றுவது. அக்கா என்றால் ஒரு சுமை, அண்ணன் என்றால் வேறொரு சுமை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவர்களுக்கு, சாவு வந்து வாசலில் நின்றதும் வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கோ இடுப்பு வரை முடி. அதை வளர்த்த வருஷங்களில் நான் எதையெல்லாம் அறுத்துப் போட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் சித்தப்பா பேசினார். அப்பாவின் தம்பி. என்னைப் பற்றித் தெரிந்ததும், "அது இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று தெருவில் நின்று கத்தியவர். அவர் குரலில் இப்போது வெல்லப்பாகு. "கண்ணு, எப்டி கீற? நீ வந்தா போதும் கண்ணு. மத்தத நாங்க பாத்துக்கறோம்." அவர் கத்தியபோது வராத பயம் இந்தக் கண்ணுவில் வந்தது.

கீழ்வீட்டு ஃப்ராவ் க்ளைன் வயதான விதவை. இந்த ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு செருப்புத் தொழிற்சாலை இருந்ததாம். அவள் கணவர் கடைசித் தொழிற்சாலை மூடும்வரை வேலை செய்தவர். எஞ்சிய ஒரே கம்பெனிக்கு நான் தோல் தரம் பார்க்கிறேன் என்பதால் அவளுக்கு என்மேல் ஒரு வாஞ்சை. என் உடைந்த ஜெர்மனில் அவளிடம் சொன்னேன்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பா இறந்தால் மூத்த பிள்ளையின் தலையை மழித்துவிடுவார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அழகான வழக்கம்! எங்களுக்குக் கறுப்புக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை" என்றாள். கிளம்பும் அன்று காலை, அவளே பின்னிய கம்பளிக் குல்லாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வரும்போது தலை குளிருமே என்று. அதை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடும்போது, அதற்குள் என் மொட்டைத் தலையையே வைத்து மூடுவது போல் இருந்தது.

பின் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை அவர் முன்னால் நிற்க வேண்டும். புடவையிலோ சுடிதாரிலோ, நானாக. அதற்குத்தான்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. ஆம்பூருக்குள் நுழையும்போதே அந்தச் சுண்ணாம்பு வாடை வந்துவிட்டது. மழைக்கு முன்னால் அது தரையோடு படுத்துக்கொள்ளும். வானம் ஈயம் பூசினது போல் இருந்தது. எங்கள் வீடு டேனரியின் பின்சுவரை ஒட்டிய வரிசையில் ஒன்று. வாசலில் சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா கண்ணு. எளச்சிட்ட." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் தொங்கிய பின்னலைப் பார்த்தார், கம்பெனியில் நாங்கள் தோலின் நீளத்தைக் கண்ணாலேயே அளப்பதைப் போல.

"நான் பொண்ணாத்தான் வந்திருக்கேன் சித்தப்பா. அப்பாவுக்கு ஒன்னு ஆனா, மவளா நிப்பேன். தெருமுன வரைக்கும் வந்து திரும்பிடுவேன். கொள்ளி குமார் வைக்கட்டும்."

"அதெல்லாம் ஆவட்டும், பாத்துக்கலாம். மொதல்ல சாப்டு. பிரியாணி வாங்கியாரச் சொல்லட்டா?"

"சித்தப்பா, நான் சொல்றது…"

"சாவு வூட்டுப் பேச்ச ஏன் கண்ணு இப்பவே பேசற? எங்கண்ணன் இன்னும் மூச்சு வுட்டுனு கீறாரு." சிரித்தார். எதிரில் டீக்கடை பெஞ்சில் முடிவெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதிலிருந்து எனக்குக் கிராப்பு வெட்டியவர். சித்தப்பா அவருக்கு ஒரு டீ சொன்னார். அவர் டீயை வாங்கிக்கொண்டு என் பக்கம் பார்த்தார். என் கண் பட்டதும் டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்.

உள்ளே ஸ்டீல் பீரோவின் மேல் ஒரு புது வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. கொள்ளி வைக்கிறவன் கட்டுவது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியாகிவிட்டது.

குமார் ஷிப்ட் முடிந்து வந்து என் கண்ணைப் பார்க்காமல் பையை வாங்கி வைத்தான். "ஃபிளைட்டு லேட்டா?" என்றான். "இல்ல" என்றேன். அவன் மனைவி செல்வியும் ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறவள். பொழுது சாய்கிற நேரத்தில் நான் சமையற்கட்டில் தண்ணீர் குடிக்கப் போனபோது, குக்கர் விசில் அடங்கட்டும் என்று காத்திராமல், அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொன்னாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க வூட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. சித்தப்பா கேக்கல. நாலு பேரு புடிச்சா முடிஞ்சிது, எல்லாரும் அழுதுனு கீற நேரத்துல யாரு பாக்கப் போறாங்கன்னாரு. பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிக்கச் சொன்னாரு. அதுக்கு மட்டும் இவரு முடியாதுன்னுட்டாரு."

"குமாரு இருக்கான்ல? தடுக்க மாட்டானா?"

அவள் குக்கரையே பார்த்தாள். "முடிய உள்ள சொருகிக்கோங்க. வெளியில தொங்க வுடாதீங்க." அவள் கண்ணிலும் என்னைக் கூப்பிட ஒரு வார்த்தை தேடுகிற தவிப்பு இருந்தது. கிடைக்காமல் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அப்பா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். நெஞ்சு மேலேறிக் கீழிறங்குவது மட்டும்தான் உயிர் என்று தெரிந்தது. அவருடைய கைகள்! ஆயுசு முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து வளைந்த மரத்தின் மேல் போர்த்தி, இருபக்கமும் பிடி வைத்த மழுங்கல் கத்தியால் முடியை வழித்து வழித்து, உள்ளங்கைத் தோலும் வெந்து வெளுத்துப் போன கைகள். நான் சிறுவனாக வளர்க்கப்பட்ட காலத்தில் அவருக்குச் சோறு கொண்டு போவேன். காலடியில் மாட்டு முடி சேறாகக் குவிந்து கிடக்கும். "டேய், கிட்ட வராதடா, கால்ல பட்டா புண்ணாயிடும்" என்று தூரத்திலேயே நிறுத்திவிடுவார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த கூப்பிடுதல் அந்த டேய்தான். அதில் அன்பு இருந்தது என்பதும், அது என்னைக் கூப்பிடவில்லை என்பதும் இரண்டும் எனக்கு அப்போதே தெரியும்.

கட்டில் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா? ஆஸ்பத்திரியா?"

அம்மா. அந்த ஒரு சொல்லுக்காகக் கடல் தாண்டி வந்தேன், அது என்னை அடையாளம் தெரியாததால் கிடைத்தது. "உங்களப் பாக்க வந்தேம்பா" என்றேன்.

"எங்கிருந்தும்மா?"

"தூரத்துலருந்து."

"எம் பெரிய புள்ளையும் தூரத்துலதான் கீது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா."

வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினார். சித்தப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்தினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"பாத்தா சொல்லும்மா. வரவேணாம்னு சொல்லு. இவனுங்க வுடமாட்டானுங்க, மொட்ட போட்ருவானுங்க."

"சாங்கியம்தானேப்பா? நீங்க ஆசப்பட மாட்டீங்களா?"

"நான் ஆயுசுக்கும் முடி எடுத்தவன்மா. எவ்ளோ முடி எடுத்திருக்கேன் தெரியுமா? போதும். எஞ்சாவுக்கு ஒருத்தரு முடியும் எடுக்க வேணாம்." இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். என் கையிலிருந்த டம்ளரைப் பிடிக்கும்போது அந்த வெந்த விரல்கள் என் பின்னலின் நுனியில் பட்டன. பட்டு, அங்கேயே கொஞ்சம் நின்றன. தோலைத் தொட்டுப் பார்க்கிறவருடைய தொடுகை. "நல்லா வளந்துருக்குது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "காலைல லேடீஸ் பஸ்ஸு வரும். அதுல போயிடும்மா. அதுல ஆம்பளைங்க ஏற மாட்டானுங்க" என்றார்.

தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமலா? இன்றுவரை நான் இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒளியில் தோலைத் திருப்பிப் பார்ப்பதைப் போல. ஒரு பக்கம் தெரிந்தவர். இன்னொரு பக்கம் யாரோ ஒரு நர்ஸம்மாவிடம் புலம்பிய கிழவர். கேட்டிருக்கலாம். அப்பா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த 'அம்மா' போய்விடுமோ என்று பயந்தேன். அவர் வாயிலிருந்து அன்று மட்டும் வந்த அம்மா.

விடிந்ததும் செல்வியோடு கிளம்பினேன். ஷூ கம்பெனிகள் பெண்களை ஏற்றிவர ஊர் ஊராகப் பஸ் அனுப்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொலைவில் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்துகூட வருவார்கள், தலை நிறையப் பூவும் டிபன் பாக்ஸுமாக. படிக்கப் போவதற்கு முன்னால் நானும் அப்படியொரு கம்பெனியில் வேலை செய்தவள்தான். சாயங்காலம் கேட்டில் சோதனை நடக்கும், தோல் துண்டு எதையாவது இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறோமா என்று. ஆண்கள் இடப்பக்க வரிசை, பெண்கள் வலப்பக்கம். என்னைத் தடவிப் பார்க்கும் வாட்ச்மேன் தினமும், "இன்னாடா, அந்த லைன்ல போயி நிக்கறியா?" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரிப்பான். ஆமாம் என்று சொல்ல அப்போது எனக்கு வாயில்லை. இப்போது அந்த லைனுக்கு வந்துவிட்டேன், திருடியவளைப் போல, முக்காடு போட்டுக்கொண்டு.

சித்தப்பா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என் தோளில் கைப்பை மட்டும்தான். பெட்டியை விட்டுவிட்டேன். ஃப்ராவ் க்ளைனின் குல்லாய் அதற்குள்.

"எங்க கண்ணு இவ்ளோ காலைல?"

"செல்வி கம்பெனியப் பாத்துட்டு வரேன் சித்தப்பா. எங்க கம்பெனிக்கு சரக்கு எடுக்கலாமான்னு."

வாயில் நுரையோடு என்னையே பார்த்தார். துப்பினார். "சாயந்திரத்துக்குள்ள வந்துடு. எங்கண்ணன் இன்னிக்குத் தாங்க மாட்டாரு."

எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

பஸ்ஸில் செல்வி, "புதுசா சேர வந்தவங்க, எனக்குத் தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடமில்லாமல் நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தன் டிபன் பாக்ஸை மடியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை இடுப்பால் தள்ளி, "இங்க ஒக்காருக்கா. எம்மா நேரம் நிப்ப?" என்றாள். சொந்த ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்ட முதல் குரல் அது. தப்பி ஓடுகிற வண்டியில். எனக்கு அழுகை வந்தது. அவள் அதை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டு, "பயப்படாதக்கா, லைன்ல மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், பழகிடும்" என்றாள். ரயிலடி அருகில் இறக்கிவிட்டார்கள். செல்வி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் இங்கே ஜெர்மனியில் வந்து இறங்கியபோது அப்பா இல்லை. சித்தப்பாதான் ஃபோனில் சொன்னார். பாகு போய்ப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"கொள்ளி தம்பி வச்சான். பெரியவன் எங்கன்னு ஊரே கேட்டுது. இன்னா சொல்றது? அங்கியே செத்துட்டான்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஒத்துக்கினாங்க. இனிமே இந்தப் பக்கம் வராத. செத்தவன் தெருவுல நடந்து வந்தா ஜனங்க சும்மா வுட மாட்டாங்க."

அதை அவர் மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும், துணியை எடு என்பது போலச் சொன்னார்.

கருமாதி முடிந்த பிறகு குமார் கூப்பிட்டான். மொட்டைத் தலையோடு திரையில் வேறு யாரோ போல இருந்தான். அப்பாவின் சாயல். பாலாற்றங்கரையில் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னான், என்ன காய், யார் யார் வந்தார்கள் என்று. பிறகு மூக்கை உறிஞ்சினான்.

"செத்துட்டன்னு சொல்லியாச்சா, அதனால சித்தப்பா உனக்கும் ஒரு எல போட்ரச் சொல்ட்டாரு. அப்பா எலைக்குப் பக்கத்துலயே. தப்பா நெனச்சிக்காத."

"போட்டியா?"

"போட்டேன். உனக்குப் புடிக்கும்னு கத்திரிக்கா கொத்சு வைக்கச் சொன்னேன் செல்விகிட்ட." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "காக்கா உன் எலையிலதான் மொதல்ல வாய வச்சிச்சி. அப்பாவுது அப்படியே கெடந்துது. ரொம்ப நேரம்." அவன் அழுதான். ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். அந்தப் பழைய குழியின் விளிம்பில் நின்றான். "சரி, வச்சிடவா?" என்றான்.

என் முடி என்னிடம் இருக்கிறது. இரவில் அவிழ்த்துவிட்டால் தலையணை முழுக்கப் பரவுகிறது. ஆனால் அதைச் சீவும்போதெல்லாம், செத்தவர்களுக்கும் முடி வளரும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வருகிறது.

இன்று காலை சோறு வடித்தேன். கொத்சு வைத்தேன். அப்பாவுக்கு ஒரு பிடி, பால்கனிக் கம்பியை ஒட்டிய பலகையில். எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஒரு காகம். நம்மூர்க் காகத்தின் சாம்பல் கழுத்து இதற்கு இல்லை, முழுக்கறுப்பு. என் குரலில் கூப்பிட்டேன். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது, வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"ஃப்ராவ் கோவிந்தசாமி!"

கீழே தோட்டத்தில் ஃப்ராவ் க்ளைன். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து நான் அவள் கண்ணில் படாமல் இருந்தேன். பறவைக்குத் தீனி போடக் கூடாது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு கையால் தன் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டி, மறு கையை என் முடியை நோக்கி நீட்டினாள். குளித்துவிட்டு அவிழ்த்துப் போட்டிருந்தது, கம்பிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆக, உங்கள் அப்பா பிழைத்துவிட்டார்!"

விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. பாலாற்று மணலில் என் இலை இந்நேரம் காய்ந்து சருகாகி உருண்டு போயிருக்கும்.

"யா" என்றேன். "பிழைத்துவிட்டார்."

அவள் சந்தோஷமாகக் கையாட்டினாள். காகம் இன்னும் இறங்கவில்லை.